பிஎஃப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மாதம் ஆயிரம் ரூபாய்: வாங்கலாமா?

எதிர் வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து காட்டினான். கிண்டியில் ஒரு கம்பெனி, முதல் வேலை, பேசிக் சம்பளம் 22,000. கூடவே இன்னொரு தாள் இருந்தது. வருங்கால வைப்பு நிதியில் சேர விருப்பமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிஎஃப் பிடித்தம் இருக்காது, அதோடு மாதம் 1,000 ரூபாய் சிறப்புப் படியும் உண்டு என்றது அந்தத் தாள். "கையில 2,800 கூட வருதுக்கா. நாளைக்குள்ள சொல்லணுமாம். போட்டுடவா?" என்று கேட்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினான்கு வருடம் சம்பளக் கணக்குப் போட்டவள் நான். இதே கேள்வியோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் நிறையப் பேர். பதில் சொல்ல அரைமணி நேரமாவது வேண்டும். சம்பள நாள் நெருக்கடியில் அந்த அரைமணி நேரம் எனக்கும் கிடைத்ததில்லை, கேட்டவர்களுக்கும் கிடைத்ததில்லை. அன்று அந்தத் தம்பியோடு உட்கார்ந்து கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

அந்த 2,800 யாருடைய பணம்?

பிஎஃப் சட்டம் 1952ஆம் ஆண்டு வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். பேசிக்கும் டிஏ என்ற அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள். அதே அளவு இன்னொரு 12 சதவீதத்தை முதலாளி தன் பங்காகப் போட வேண்டும். கட்டாயம் என்பது 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான். 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு அது. அதனால் பேசிக் 22,000 ஆக இருந்தாலும் பல கம்பெனிகள் 15,000க்கு மட்டும் கணக்குப் போட்டு 1,800 பிடிக்கும், தன் பங்காக 1,800 போடும்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற தலைப்பில் ஒரு 1,800தான் கண்ணில் படும். இன்னொரு 1,800 பல சீட்டுகளில் இருக்காது. கண்ணில் படாததால் அது போனாலும் போனது தெரியாது.

இப்போது 2,800ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 1,800 அந்தத் தம்பியின் சொந்தச் சம்பளம். பிஎஃப்பில் போனாலும் அவன் பெயரில்தான் இருக்கும், கையில் வந்தாலும் அவனுடையதுதான். கம்பெனி புதிதாகத் தருவது 1,000 ரூபாய் மட்டுமே. சரி, கம்பெனிக்கு என்ன மிச்சம்? போட வேண்டிய 1,800 மிச்சம். பிஎஃப்போடு சேர்ந்து வரும் இன்ஷூரன்ஸுக்கு 15,000க்கு அரை சதவீதம் என்று கட்ட வேண்டிய சந்தா 75 ரூபாய் மிச்சம். நிர்வாகக் கட்டணம் என்று இன்னொரு 75 மிச்சம். மொத்தம் 1,950. அதை மிச்சம் பிடித்துக்கொண்டு 1,000 தருகிறார்கள்.

இதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. ஆனால் உடனே கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. எல்லா இடத்திலும் இப்படி இருப்பதில்லை. சிடிசி என்று வருட மொத்தமாகப் பேசும் கம்பெனிகளில் முதலாளி பங்கும் அந்த மொத்தத்துக்குள்ளேயே இருக்கும். அங்கே பிஎஃப் வேண்டாம் என்றால் இரண்டு பங்கும் சேர்த்து 3,600 சம்பளமாகக் கைக்கு வந்துவிடலாம். அது வேறு கணக்கு. ஆகவே ஹெச்ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "என் பிடித்தத்தை விடுங்கள், கம்பெனி பங்கு 1,800 முழுசாக எனக்கு வருமா, வராதா?" பதிலை வாயால் வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.

வராது என்றால் யோசிக்க அதிகம் இல்லை. மாதம் 800 ரூபாயை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

3,600 ரூபாய் எவ்வளவு ஆகும்?

2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். வட்டியை வருடா வருடம் அறிவிப்பார்கள். ஏறும், இறங்கும். கணக்குக்காக அதே வட்டி நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,600 போட்டுக்கொண்டே வந்தால் 10 வருடத்தில் ஏறத்தாழ 6.5 லட்சம். 20 வருடத்தில் 21 லட்சம். 30 வருடத்தில் 53 லட்சம். முப்பது வருடமும் போட்ட அசல் 13 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, மீதி முழுக்க வட்டியின் குட்டி. அதில் சரிபாதி, அதாவது 26 லட்சத்துக்கும் மேல், கண்ணில் படாத அந்த முதலாளி பங்கு போட்டது.

"நானே மாசாமாசம் எடுத்து வெச்சா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கம்பெனி 3,600ஐ முழுசாகத் தந்து, அதை நீங்களும் ஒரு மாதம் தவறாமல் எடுத்து வைத்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. தபால் நிலையத்திலும் வங்கியிலும் இருக்கும் பிபிஎஃப் 7.1 சதவீதம் தருகிறது. மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கூடவும் வரலாம், குறையவும் செய்யலாம். ஆனால் பதினான்கு வருடத்தில் நான் பார்த்தது வேறு. கைக்கு வந்த பணம் ஆடித் தள்ளுபடிக்குப் போகும், வண்டித் தவணைக்குப் போகும், தங்கை வளைகாப்புக்குப் போகும். எதுவும் தப்பான செலவு இல்லை. ஆனால் சேராது. பிஎஃப் என்பது சாவி நம் கையில் இல்லாத உண்டியல். அந்தச் சாவி இல்லாததுதான் அதன் பலம்.

அவசரத்துக்கு எடுக்கவே முடியாதோ என்ற பயமும் வேண்டாம். வைத்தியம், படிப்பு, கல்யாணம், வீடு என்று சில காரணங்களுக்கு நிபந்தனைகளோடு ஒரு பகுதியை எடுக்க விதி இருக்கிறது. ஐந்து வருடத் தொடர் சேவை முடியும் முன் மொத்தமாக எடுத்தால் வருமான வரி உண்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கம்பெனி மாறும்போது பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொண்டால் அந்த ஐந்து வருடம் அறுபடாமல் தொடரும்.

யார் வேண்டாம் என்று சொல்லலாம்?

இங்கேதான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பிஎஃப் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒரே ஒரு வகை ஆட்களுக்குத்தான். வேலையில் சேரும் நாளில் பிஎஃப்புக்கான சம்பளம் 15,000க்கு மேல் இருக்க வேண்டும், அதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இருந்திருக்கக் கூடாது. எதிர் வீட்டுத் தம்பிக்கு இரண்டும் பொருந்துகிறது. அவனுடைய அக்காவுக்கு இரண்டுமே பொருந்தாது. அம்பத்தூரில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் 13,500 சம்பளத்தில் ஐந்து வருடமாக இருக்கிறாள். அவள் விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது.

பழைய வேலையில் பிஎஃப் இருந்து, அந்தப் பணத்தை இன்னும் எடுக்காமல் இருந்தால், புது வேலையில் சம்பளம் ஐம்பதாயிரம் ஆனாலும் உறுப்பினராகத் தொடர்ந்துதான் ஆக வேண்டும். புது வேலையில் சேரும்போது ஃபார்ம் 11 என்று ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். முன்பு பிஎஃப் உறுப்பினரா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். "இல்லைன்னு டிக் பண்ணிடுங்க, பிடித்தம் இருக்காது" என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். பொய் உறுதிமொழி உங்கள் கையெழுத்தோடு இருக்கும், சொன்னவர் பெயர் எங்கும் இருக்காது.

இன்னொன்று. ஒருமுறை உள்ளே சேர்ந்துவிட்டால், வேலையில் இருந்துகொண்டே வெளியே வர வழியில்லை. வெளியே இருப்பவர் பிறகு உள்ளே வர விரும்பினால் முதலாளியும் சம்மதிக்க வேண்டும். அதனால் முதல் நாள் போடும் கையெழுத்து சின்ன விஷயம் இல்லை. அதற்கு நாளைக்குள் பதில் கேட்பது நியாயமும் இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைப் பறித்து நான் பார்த்ததில்லை.

ஓய்வூதியம் என்ற இன்னொரு பெட்டி

பிஎஃப் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்றில் சேமிப்பு, இன்னொன்றில் ஓய்வூதியம். 1995 நவம்பர் 16 முதல் நடக்கும் இபிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளியின் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் போகிறது. 15,000 சம்பளத்துக்கு அது 1,250 ரூபாய். மிச்சம் 550 மட்டும் சேமிப்புப் பெட்டிக்கு. மத்திய அரசும் ஓய்வூதியப் பெட்டிக்கு 1.16 சதவீதம் போடுகிறது. பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு "கம்பெனி கம்மியாப் போடுது" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்கிறவர்களுக்கு இந்த ஓய்வூதியப் பெட்டி கிடையாது. அவர்களுக்கு 3,600ம் சேமிப்பிலேயே சேரும். நம் தம்பி அந்த வகை. அவனுடைய அக்காவுக்கு ஓய்வூதியம் உண்டு. ஆகவே இந்தப் பகுதி அவளுக்காக.

குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். 58 வயதில் ஓய்வூதியம் தொடங்கும். கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு இங்கேயும் 15,000தான் உச்சம். 10 வருடத்துக்கு மாதம் 2,143 ரூபாய். 20 வருடம் முடித்தால் இரண்டு வருடம் கூட்டிக் கணக்கிடுவார்கள், 4,714 வரும்.

10 வருடம் முடியும் முன் வேலையை விட்டால் இரண்டு வழி. ஃபார்ம் 10சி கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிச் சேவைக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆடை கம்பெனிகளில் கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் பெரும்பாலும் முதல் வழியில்தான் போவார்கள். நானே எத்தனையோ ஃபார்ம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

8 வருடச் சேவை, 15,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக எடுத்தால் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் வீதம் 1.2 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். முதலாளி அந்தப் பெட்டியில் 96 மாதம் போட்டதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். எட்டு வருடம் கிடந்த பணத்துக்கு வட்டி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. எடுக்காமல் வைத்திருந்து, பிறகு வேறு வேலையில் இன்னும் இரண்டு வருடம் சேர்ந்தால், இந்த எட்டு வருடத்துக்கு மட்டும் 58 வயதிலிருந்து மாதம் 1,714 ரூபாய் ஆயுள் முழுக்க வரும். ஆறு வருடத்துக்குள் அந்த 1.2 லட்சம் திரும்பி வந்துவிடும்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இந்த ஓய்வூதியம் விலைவாசிக்கு ஏற்ப ஏறாது. 33 வயதில் வாங்கும் 1.2 லட்சத்தைத் தொடாமல் 25 வருடம் 8.25 சதவீதத்தில் போட்டு வைத்தால் 8.7 லட்சம் ஆகும். அந்தத் தொகை தரும் வட்டியே மாதம் 1,714ஐவிட மூன்று மடங்குக்கு மேல். வெறும் எண்ணைப் பார்த்தால் எடுத்துப் போட்டு வைப்பதே லாபம். தொடாமல் வைத்தால் என்பதுதான் அங்கே நிபந்தனை. அப்படி வைத்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எடுத்துவிட்டால் அந்த எட்டு வருடம் அழிந்து, புது வேலையில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மீண்டும் பத்து வருடம் தொடர்ந்து வேலை பார்க்க முடியுமா என்பது பல பெண்களின் கையில் இல்லை. அதனால் ஆறு வருடத்துக்கு மேல் சேவை உள்ளவர்களிடம் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்குங்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றிரண்டு வருடம்தான் என்றால் வற்புறுத்துவதில்லை.

முன்பு வேலையை விட்ட இரண்டு மாதத்தில் இந்தப் பணத்தை எடுக்கலாம் என்று இருந்தது. அதை 36 மாதமாக நீட்டிக்க 2025 அக்டோபரில் பிஎஃப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. சேவையைத் தொடர வைப்பதுதான் நோக்கம். அவசரக்காரர்களுக்கு இது கசக்கும். எனக்கு அது சரி என்றே படுகிறது.

எங்கள் சித்தப்பா

சித்தப்பா 1996இல் அம்பத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். எட்டு வருடம் இருந்தார். 2004இல் விட்டபோது பிஎஃப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் மொத்தமாக எடுத்து மாடிக்குத் தளம் போட்டார். அடுத்துப் போன இடத்தில் பிஎஃப் இல்லை, முழுச் சம்பளமும் கையில் என்றார்கள். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான்.

2016இல் மாரடைப்பு வந்து இறந்தார். சித்தி ஒரு மஞ்சள் பையில் பழைய சீட்டுகளை எல்லாம் போட்டுக்கொண்டு பிஎஃப் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணக்கு 2004லேயே முடிக்கப்பட்டுவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். சித்தி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் எதுவும் பேசவில்லை.

அவர் பிஎஃப் உள்ள வேலையில் இருந்து இறந்திருந்தால் சித்திக்கு விதவை ஓய்வூதியம் வந்திருக்கும். அதற்குப் பத்து வருடச் சேவை தேவையில்லை. வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. மனைவிக்குக் குறைந்தது மாதம் 1,000. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக, மனைவிக்கு வருவதில் கால் பங்கு வீதம்.

அதோடு 1976 முதல் இருக்கும் இன்ஷூரன்ஸ். அதற்கு நாம் ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளி கட்டும் அந்த 75 ரூபாய்தான். இன்றைய விதிப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். சம்பளத்தைப் போல 35 மடங்கு, பிஎஃப் இருப்பில் பாதி ஆனால் 1.75 லட்சத்துக்கு மேல் போகாமல், இரண்டையும் கூட்டுவார்கள். ஓய்வூதியம் இல்லாத நம் தம்பிக்கும் இந்த இன்ஷூரன்ஸ் உண்டு. பிஎஃப் வேண்டாம் என்று எழுதினால் இதுவும் சேர்ந்தே போகும். அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் எழுதிக் கொடுக்கவே கூடாதா?

கூடும், சில பேருக்கு. ஓரிரு வருடத்தில் வெளிநாடு போய்விடுவது உறுதி, கம்பெனி பங்கும் முழுசாகக் கைக்கு வருகிறது, தனியாக டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தாகிவிட்டது என்றால் தாராளமாக எழுதிக் கொடுக்கலாம்.

கடன் இருப்பவர்கள் கதை கொஞ்சம் சிக்கல். ஐந்து வட்டிக்கு 60,000 வாங்கியவர் மாதம் 3,000 வட்டி மட்டும் கட்டுகிறார், வருடத்துக்கு 60 சதவீதம். எந்தச் சேமிப்பும் அந்த வேகத்துக்கு வளராது. கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் கடன் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும், கையெழுத்து அந்த வேலை முழுக்க நிற்கும். முதலில் வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றப் பாருங்கள். கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிடிப்பதாக இருந்தால், சேரும்போதே 15,000 உச்சவரம்புக்கு மட்டும் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம். பிடித்தம் குறையும், இன்ஷூரன்ஸும் உறுப்பினர் எண்ணும் இருக்கும். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதை ஹெச்ஆரில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள், யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணோடு இணைத்த செல்போனிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். கம்பெனி பணம் கட்டாமல் இழுத்தால் அதில் தெரிந்துவிடும். நேரில் போக வேண்டியிருந்தால் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் அலுவலகம் இருக்கிறது. அம்பத்தூர், தாம்பரம் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தங்கள் கம்பெனி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொண்டு போனால் ஓர் அலைச்சல் மிச்சம்.

தம்பி மறுநாள் ஹெச்ஆருக்கு மெயில் போட்டான். கம்பெனி பங்கு சம்பளத்தில் சேராது, 1,000 மட்டும்தான் என்று பதில் வந்தது. பிஎஃப்பில் சேர்ந்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து நாமினி பதிவு செய்தோம். அம்மா பெயரைப் போட்டான். கல்யாணம் ஆனதும் இந்தப் பதிவு தானாகவே செல்லாமல் போய்விடும், அன்றைக்கே புதிதாகப் பதிய வேண்டும் என்று சொன்னேன். அவனுடைய அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள எதுக்கு அவன் கல்யாணப் பேச்சு?" என்றார். அவருடைய ஆதார் அட்டையில் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த நாளை இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள்.